நீல வடிகட்டியில் எடுத்த படம்

என் மனைவி இறந்த மறு ஆண்டு, மதுரையில் நாங்கள் இருவரும் பணியாற்றிய கல்லூரியில், இயற்பியல் துறைத்தலைவர் அவளுடைய ஆய்வைத் தம்முடையதாகச் சொல்லி உரையாற்ற ஏற்பாடாயிற்று. எழுபதுகளின் இறுதி அது. அழைப்பிதழில் அவள் பெயர் இல்லை. கேட்டதற்கு, "போனவங்க பேரப் போட்டு என்ன சார் ஆகப்போகுது" என்றார். ஸ்லைடு புரொஜெக்டரை என்னையே இயக்கச் சொன்னார். ஒப்புக்கொண்டேன்.

மலைமீதிருந்த வானாய்வகம் ஒன்றில் தங்கி அவள் எடுத்த இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்களே அந்த ஆய்வின் அடிப்படை. ஒரே சுருள் விண்மீன்திரளை, நீல ஒளியை மட்டும் விடும் கண்ணாடியான நீல வடிகட்டி வழியாக ஒரு முறையும் சிவப்பு வடிகட்டி வழியாக ஒரு முறையும் எடுத்திருந்தாள். திரளின் நடுவே முதிய விண்மீன்கள் செம்மஞ்சளாய் நெருங்கிக் கிடக்கும். நடுவிலிருந்து சுருண்டு நீளும், வாயுவும் தூசியும் மிகுந்த கைகளில்தான் புதியவை பிறக்கும்; அவற்றுள் பெரியவை நீலமாய்க் கொதித்து, பிறந்த இடத்தைவிட்டு விலகுமுன்பே எரிந்து தீரும். ஆகவே நீலப் படத்தில் கைகள் முடிச்சு முடிச்சாய் ஒளிரும். சிவப்புப் படத்தில் நடுப்பகுதி பருத்து, கைகள் மங்கிவிடும். வாடிப்பட்டியிலிருந்து கல்லூரிக்கு பஸ்ஸில் வருகையில் அவள் பேச்சு பெரும்பாலும் இதுதான். "ஒருக்கா உத்துப் பாத்தாப் போதும், எது எதுன்னு யாரும் சொல்ல வேணாம்" என்பாள்.

துறைத்தலைவர் உற்றுப் பார்த்தவர் அல்லர். முதலில் நீலம், அடுத்தது சிவப்பு என்று வரிசையை மட்டும் மனத்தில் வைத்திருந்தார். நான் வரிசையை மாற்றி வைத்தேன்.

திரையில் சிவப்புப் படம் விழுந்தது. நீல விண்மீன்களால் கைகள் எப்படிச் சுடர்கின்றன பாருங்கள் என்று, ஏறக்குறைய ஒன்றுமே தெரியாத ஓரத்தைக் குச்சியால் சுட்டினார். பின்வரிசை மாணவன் ஒருவன், "மாப்ள, கை எங்கடா?" என்றான். சிரிப்பு முன்வரிசைவரை வந்தது. அடுத்ததைப் போடச் சொல்லி அவர் எனக்குச் சைகை காட்டினார். நான் அசையவில்லை.

"இது எந்த வடிகட்டி சார்?" என்று கேட்டேன்.

"நீலம்தான்."

"எடுத்தவங்க இதைத் தப்பாச் சொல்ல மாட்டாங்க சார். யாரு எடுத்தது?"

அவர் குச்சியைக் கீழே இறக்கினார்.

"உங்க வீட்டம்மா" என்றார்.

"பேரைச் சொல்லுங்க சார்."

சொன்னார். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றேன். மறுபடியும் சொன்னார். அதன் பிறகே நீலப் படத்தைப் போட்டேன்.