காலை வகுப்பின் தொலைபேசிப் பாடம்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அறை பிடித்து, ஆங்கிலம் பேசச் சொல்லித்தரும் வகுப்பு ஒன்றை ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆசிரியை. அங்கே பிள்ளைகள் இரண்டு பக்கக் கட்டுரையை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் பென்சில் தொலைந்துபோனால் அதை ஆங்கிலத்தில் சொல்ல வராது. எனக்கு அந்த வேலை அலுத்துவிட்டது. என் வகுப்பு, என் பாடத்திட்டம் என்று ஒன்று வேண்டுமென்று தோன்றியது.

அப்போது தாம்பரத்தில் பாதி விளக்குக் கம்பங்களில் ஸ்போக்கன் இங்கிலீஷ் விளம்பரம் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் இலக்கணத்தில்தான் ஆரம்பித்தார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. கோடை விடுமுறையில் தெரிந்த பெண்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டேன்: எந்த இடத்தில் உங்களுக்கு வாய் அடைத்துப்போகிறது? வங்கி என்றார்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்றார்கள், பெரிய டாக்டர் முன்னால் என்றார்கள். மேடவாக்கத்தில் புது ஃபிளாட்டுக்குக் குடிபோன ஒருத்தி, லிஃப்டில் என்றாள். வாரத்துக்கு ஓர் இடம் என்று பாடங்களைப் பிரித்துக்கொண்டேன். தொலைபேசியைக் கடைசியில் வைத்தேன். எதிரில் இருப்பவர் முகம் தெரியாது, கையை ஆட்டிச் சமாளிக்க முடியாது என்பதால் அதுதான் கடினம் என்று கணக்குப் போட்டேன்.

மாலையில் கல்லூரிப் பையன்கள் வந்தார்கள். காலையில், கணவரையும் பிள்ளைகளையும் அனுப்பிவிட்டு, பெண்கள் வந்தார்கள். எனக்குப் பிடித்தது காலை வகுப்புதான். அதில் மூத்தவர் ஒரு ரயில்வே ஊழியரின் மனைவி. மகன் வெளிநாட்டில் கட்டிக்கொண்ட பெண்ணோடு பேசுவதற்காக வந்தவர். அவர் பக்கத்தில் எப்போதும் உட்காருகிறவள், குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் பின்னால் மாமியார் வீட்டில் இருந்த ஒரு முஸ்லிம் பெண். முப்பது வயதைத் தொடாதவள். கணவர் வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக். ஒரே மகள், முதல் வகுப்பு.

அவள் வந்த காரணத்தை முதல் நாளே எல்லோருக்கும் நடித்துக் காட்டினாள். மகளின் பள்ளியில் பேரண்ட்ஸ் மீட்டிங். டீச்சர் ஆங்கிலத்தில் என்னவோ நீளமாகச் சொல்லியிருக்கிறார். இவள் சிரித்துத் தலையாட்டியிருக்கிறாள். வெளியே வந்ததும் மகள், "உன்னைத் திட்டினாங்கம்மா, நீ ஏன் சிரிச்சே?" என்று கேட்டிருக்கிறாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். எந்தக் குரலையும் அப்படியே பிடிக்கும் காது அவளுக்கு. நான் ஒரு வாக்கியத்தைச் சொன்னால், என் இருமலோடு சேர்த்துத் திருப்பிச் சொல்லுவாள். மாமியார் வீட்டில் இந்த வகுப்புக்குப் பெரிய சம்மதமில்லை. வளைகுடாவிலிருந்து கணவர் போனில் சொன்னதால் விட்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் அவர் பேசுவார். சனிக்கிழமை வகுப்பில் அவள் முகத்தைப் பார்த்தாலே தெரியும். மழைக்காலம் ஆரம்பித்த மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் பேசவில்லை. லைன் கிடைக்காமல் இருந்திருக்கும் என்றாள். அடுத்த வெள்ளியும் பேசவில்லை. அதற்குப் பிறகுதான் அவரோடு அறையில் தங்கியிருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் அழைத்து, மொட்டைமாடியில் ஏ.சி. மாட்டும்போது ஏணியிலிருந்து விழுந்துவிட்டார், தலையில் அடி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று சொல்லி, ஆஸ்பத்திரி எண்ணைக் கொடுத்திருக்கிறார். அவளுடைய கொழுந்தன் எஸ்.டி.டி. போன் பூத்துக்குப் போய் அந்த எண்ணுக்கு அடித்துப் பார்த்தான். எதிர்முனையில் ஆங்கிலம். அவன் தமிழிலும், தெரிந்த கொஞ்சம் இந்தியிலும் கேட்டிருக்கிறான். வேறு வேறு ஆட்களுக்கு மாற்றிவிட்டுக் கடைசியில் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை அவள் வகுப்புக்கு வந்து, பையை மடியில் வைத்தபடி நடந்ததைச் சொன்னாள். நான் பேசித் தருகிறேன் என்றேன். அவள் வேண்டாமென்றாள்.

"யாரு பேசுறதுன்னு கேப்பாங்க மிஸ். வைஃப்ன்னா சொல்லுவாங்க. எனக்கு அந்த போன் பாடத்த இப்பவே எடுங்க."

அன்று வங்கிப் பாடம். அதை மூடி வைத்தேன். ரயில்வேக்காரரின் மனைவி ஆஸ்பத்திரி ஆபரேட்டர் ஆனார். வகுப்பில் சேர்ந்திருந்த மேடவாக்கத்துப் பெண் நர்ஸ். நான் டாக்டர். பென்சில் டப்பாவைக் காதில் வைத்துக்கொண்டு அவள் பேசினாள். ஐ ஆம் காலிங் ஃப்ரம் இந்தியா. மை ஹஸ்பண்ட் இஸ் யுவர் பேஷன்ட். ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி. ப்ளீஸ் டோன்ட் கட் த லைன். ஆபரேட்டர் வேண்டுமென்றே கடுகடுப்பாகப் பேசினார். ஹோல்ட் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தார். ஒவ்வொரு தடவையும் அவள் சளைக்காமல் மறுபடி ஆரம்பித்தாள். ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் தேங்க் யூ சொல்ல வேண்டும், அப்போதுதான் அடுத்த முறை மரியாதையாகப் பேசுவார்கள் என்று நான்தான் பழக்கினேன்.

அவர்கள் என்னென்ன பதில் சொல்லக்கூடும் என்று போர்டில் எழுதினேன். இம்ப்ரூவிங். ஆபரேஷன் ஓவர். அண்டர் ட்ரீட்மென்ட். அவள் எல்லாவற்றையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மிஸ், அப்டி எதுனா ஆயிருந்தா, இங்கிலீஷ்ல இன்னான்னு சொல்லுவாங்க?"

  ரயில்வேக்காரரின் மனைவி, "அதெல்லாம் ஏம்மா இப்ப?" என்றார். ஆனால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும். பாஸ்ட் அவே என்பார்கள், நோ மோர் என்பார்கள், ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் எக்ஸ்பயர்ட் என்பார்கள் என்றேன். போர்டில் எழுதவில்லை.

"மாத்திர அட்டையில போட்டிருக்குமே, அந்த வார்த்தையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

வகுப்பு முடிந்து இருவரும் ஸ்டேஷன் ரோட்டிலிருந்த பூத்துக்குப் போனோம். அவள் கண்ணாடிக் கதவுக்குள்ளே, நான் வெளியே. கையை ஆட்டாமல், நிமிர்ந்து நின்று பேசினாள். வெளியே வந்து, ஐ.சி.யு.வில் இருக்கிறார், ஸ்டேபிள் என்றார்கள், அது என்ன மிஸ் என்று கேட்டாள். மோசமாகவும் இல்லை, தேறவும் இல்லை, அப்படியே இருக்கிறார் என்று அர்த்தம் சொன்னேன். அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்துப்போனது. அப்படியே இருந்தால் போதும் என்றாள்.

அதன்பின் தினமும் பூத்துக்குப் போனோம். அவள் கொண்டுவரும் வார்த்தைக்காக அவள் வீட்டில் எல்லோரும் காத்திருக்க ஆரம்பித்தார்கள். இந்த வகுப்பெல்லாம் எதற்கு என்று கேட்டவர்கள், இப்போது மழையில் அவள் ரயிலுக்கு நிற்க வேண்டாமென்று கொழுந்தனை ஸ்கூட்டரில் கூட அனுப்பினார்கள். ஒரு நாள் ஸ்டேபிள் போய் கிரிட்டிக்கல் வந்தது. அதற்கு நான் அர்த்தம் சொல்லவேண்டி இருக்கவில்லை. நர்ஸின் குரலிலேயே புரிந்துவிட்டது என்றாள்.

அந்தக் கடைசி நாளில் நானும் கொழுந்தனும் பூத்துக்கு வெளியே நின்றிருந்தோம். கதவு சரியாகச் சாத்தாததால் அவள் பேசுவது கேட்டது. வழக்கம்போல ஆரம்பித்தாள். பிறகு எதிர்முனையில் சொல்வதைக் கேட்டாள்.

"லாஸ்ட்? வேர் லாஸ்ட், மேடம்?" என்று கேட்டாள்.

எனக்கு உடனே விளங்கவில்லை. அவள் குரலை உயர்த்தி, "ப்ளீஸ் சர்ச். அதர் வார்டு, ப்ளீஸ் சர்ச்," என்றாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. வீ லாஸ்ட் ஹிம் என்று அந்த நர்ஸ் சொல்லியிருக்கிறாள். அப்படியும் சொல்வார்கள் என்பது பாடம் எடுத்த அன்று என் நினைவுக்கே வரவில்லை. இவள், ஆளைத் தொலைத்துவிட்டார்கள் என்று நினைத்து, தேடச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கதவைத் திறந்து ரிசீவருக்காகக் கையை நீட்டினேன். அவள் தோளைத் திருப்பிக்கொண்டாள், கொடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

"எக்ஸ்பயர்ட்?" என்று மெதுவாகக் கேட்டாள். பிறகு, "ஓகே மேடம். தேங்க் யூ."

ரிசீவரை வைத்துவிட்டுக் கொழுந்தனைப் பார்த்து, "தம்பி, உங்க அண்ணன் மௌத்தாயிட்டாங்க," என்றாள்.

அவன் நம்பவில்லை. இங்கிலீஷ் சரியாகப் புரிந்திருக்காது, அண்ணி தப்பாகக் கேட்டிருப்பார்கள் என்றான்.  அவன் என் பக்கம் திரும்பி, நீங்கள் ஒரு தடவை போட்டுக் கேளுங்கள் மிஸ் என்று கெஞ்சினான். எண்களை அழுத்தினேன். அதே நர்ஸ்தான் என்று நினைக்கிறேன், இளம் பெண்ணின் குரல். ஆர் யூ ஃபேமிலி என்று கேட்டாள். நான் டீச்சர் என்றேன். சாரி, குடும்பத்தாரிடம்தான் சொல்ல முடியும் என்றாள். எத்தனை விதமாகக் கேட்டும் அசையவில்லை. கடைசியில் ரிசீவரை அவளிடமே கொடுக்க வேண்டியதாயிற்று. அவள் வாங்கி, நான் சொல்லித்தந்தபடியே, தான் இன்னாருடைய மனைவி என்று முதலிலிருந்து ஆரம்பித்து, அதே செய்தியை இரண்டாவது தடவையும் கேட்டுக்கொண்டாள். இம்முறை ரிசீவரைக் கொழுந்தன் காதுக்கும் சேர்த்துப் பிடித்தாள். அவன் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான். அவள் அவனை எழுப்பி, ஸ்கூட்டர் சாவியைப் பொறுக்கி அவன் கையில் கொடுத்தாள்.

சில வாரங்கள் கழித்து நானும் ரயில்வேக்காரரின் மனைவியும் அவளைப் பார்க்கப் போனோம். கணவரை இழந்தவர்கள் ஒதுங்கி இருக்கும் இத்தாவில் இருந்தாள், வெளியே வரக்கூடாது. உள்ளறையில், சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தாள். மாமியார் எங்களுக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, நன்றாகப் பேசக் கற்றுக்கொடுத்தீர்கள் என்று என்னிடம் சொன்னார். அதில் குத்தல் இல்லை. நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார். 

மாமியார் வெளியே போனதும் அவள் பேசினாள்.

"கம்பெனிலேந்து ஒரு லேடி பேசினாங்க மிஸ். அங்கியே அடக்கம் பண்ணட்டுமான்னு. யெஸ்ன்னு சொல்லிட்டேன். எல்லாரும் பின்னாடி நின்னுகினு இருந்தாங்க."

ரயில்வேக்காரரின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இங்கே கொண்டுவருவதென்றால் அலைச்சல், எவ்வளவு நாளாகுமோ, மையித்தை, இறந்தவர் உடலை, காக்க வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதில் தப்பொன்றும் இல்லை என்று அவளே சொன்னாள். ஆனால் முகத்தை ஒருதடவை பார்க்கவேண்டும் என்று இருந்ததாம். அதை அந்த லேடியிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரிந்திருந்ததாம். ஐ வாண்ட் டு சீ ஹிம். சின்ன வாக்கியம்தானே மிஸ், என்றாள்.

பிறகு, "அந்த நர்ஸு பொண்ணுகிட்ட தேங்க் யூ சொல்லிட்டு வெச்சேன். ரெண்டு வாட்டி," என்றாள். "எதுக்கு சொன்னேன்னே தெரியல."

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். பள்ளி விட்டு மகள் வந்து, எங்களைப் பார்த்து குட் ஈவினிங் மிஸ் என்றது. அவள் மகளைப் பார்த்து, "சலாம் சொல்லு, போதும்," என்றாள்.

அவளை நான் பார்த்தது அதுதான் கடைசி. இத்தா முடிந்ததும் ஆம்பூரில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். மகளை அங்கே தமிழ்ப் பள்ளியில் சேர்த்திருக்கிறாள் என்றும் யாரோ சொன்னார்கள். அது வீட்டார் முடிவா, அவள் முடிவா என்பது தெரியவில்லை.

காலை வகுப்பு மெல்லக் கரைந்தது. யாரும் சண்டை போட்டுப் போகவில்லை. மழை என்றார்கள், பிள்ளைக்குப் பரீட்சை என்றார்கள். ரயில்வேக்காரரின் மனைவி மட்டும் நேராகச் சொன்னார். மகன் போன் வந்தாலே இப்போது பயமாக இருக்கிறது, மருமகளோடு தமிழிலேயே பேசிச் சிரித்துவிட்டுப் போகிறேன், அவளுக்குப் புரிந்தவரை போதும் என்றார். பொங்கலுக்குப் பிறகு காலையில் நான் அறையைத் திறந்து தனியாக உட்கார்ந்திருந்த நாட்களே அதிகம்.

அடுத்த ஜூனில் புதிதாக நோட்டீஸ் ஒட்டினேன். நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். எந்த இடத்தில் வாய் அடைத்துப்போகிறது என்று வழக்கம்போலக் கேட்டேன். ஒருத்தி போனில் பேசுவது என்றாள். குறித்துக்கொண்டேன். கடைசி வாரம் வந்தபோது என்னால் அந்தப் பாடத்தை எடுக்க முடியவில்லை. அதற்குப் பதிலாக ஹோட்டலில் ஆர்டர் செய்வது எப்படி என்று ஒரு பாடத்தை அவசரமாக எழுதினேன். மெனு கார்டு மாதிரி ஒன்றைக் கீழே ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் ஒருவருக்கொருவர் சூப்பும் நூடுல்ஸும் பரிமாறி, இதில் உப்பு இல்லை என்று ஆங்கிலத்தில் புகார் செய்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். போன் பாடம் எப்போது மிஸ் என்று கேட்டவளிடம், அது திட்டத்தில் இல்லை என்று சொன்னேன்.