பேர் வெட்டிய அண்டாவுக்கு என்ன விலை?

சும்மா வந்த சாமானுக்கு விலை போடுவதைப் போலத் தலைவலி பிடித்த வேலை வேறு கிடையாது. கொடுத்தவருக்கு விலை குறைச்சல், வாங்க வந்தவருக்கு விலை அதிகம், நடுவில் ஸ்டிக்கரும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பவன் இரண்டு பேருக்கும் ஆகாதவன். பரணைச் சுத்தம் பண்ணி, எதைக் கொடுப்பது எதை வைத்துக்கொள்வது என்று பெண்டாட்டியோடு சண்டை போட்டிருந்தால் என் கஷ்டம் உங்களுக்குப் பாதியாவது புரியும்.

ராசிபுரத்தில் ஓர் அறக்கட்டளை நடத்துகிற கடை எங்களுடையது. ஜனங்கள் வேண்டாமென்று கொடுக்கிற சேலை, பாத்திரம், பெட்டி எல்லாவற்றையும் விற்று, காது கேளாத பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேன் விடுகிறோம். முப்பது வருஷம் லாரி ஓட்டிவிட்டு, முட்டி போன பிறகு இங்கே விலை போட உட்கார்ந்தேன். படித்தது ஐந்தாவது. ஆனால் யார் எப்போது என்னை என்ன சொன்னார்கள் என்பது ஒன்றுகூட மறக்காது. கூடப் பிறந்த தம்பி குமரேசன் அடுத்த தெருவில்தான் குடியிருக்கிறான், அவனோடு பேச்சு நின்று ஒன்பது வருஷம். அந்த வைராக்கியத்துக்கு இந்தக் கடையில் வந்த சோதனையையும் சொல்லத்தான் போகிறேன்.

எட்டாயிரம் ரூபாய்ப் பட்டு

ஓர் அம்மா காரில் வந்து இறங்கி ஒரு பட்டுச் சேலையைக் கொடுத்துவிட்டுப் போனார். முந்தானையில் சாம்பார்க் கறை, மடிப்பில் இரண்டு இடத்தில் இழை விட்டுப்போயிருந்தது. நான் நூற்றைம்பது என்று ஸ்டிக்கர் ஒட்டினேன். மறுநாளே ஒரு சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு வந்தார், தான் செய்த தர்மத்தைக் காட்ட. ஸ்டிக்கரைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது. "எட்டாயிரத்துக்கு எடுத்ததுங்க. ரெண்டாயிரத்துக்குக் கீழ வித்தீங்கன்னா எனக்குத்தான் அசிங்கம்" என்றார்.

சரி, மகராசி சொல்கிறார் என்று ரெண்டாயிரம் ஒட்டிவிட்டேன். இரண்டு மாதம் தொங்கியது. கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் அதைத் தொட்டுப் பார்த்தார்கள், விலையைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார்கள். அந்த அம்மா வேறொரு மூட்டையோடு வந்தபோது சேலை அதே கம்பியில் தொங்கியது. "உங்க விலைதானுங்க" என்றேன். அவர் சேலையை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நானே வேண்டாம்னுதானே குடுத்தேன், ரெண்டாயிரம் குடுத்து இதை எவ வாங்குவா?"

ஓடாத மிக்ஸி

ஒருத்தர் மிக்ஸி கொண்டுவந்து வைத்தார். "நல்ல கண்டிசனுங்க" என்றார். எங்கள் கடையில் ஒயர் உள்ள எதையும் கொடுத்தவர் முன்னாலேயே செருகிப் பார்ப்பது என் வழக்கம். ஒருமுறை ஏமாந்திருக்கிறேன், ஏமாற்றியவர் வீடு எந்த வீடு என்று இன்றைக்கும் காட்டுவேன். செருகினேன், சத்தமே இல்லை. ஒரு தட்டு தட்டினேன், கருகின வாசம்தான் வந்தது. "ஓடலீங்களே" என்றேன். அந்த மனுஷன் கொஞ்சமும் அசரவில்லை. "தருமத்துக்குத்தானுங்களே குடுக்கறோம், அது எதுக்கு ஓடோணும்?"

வெட்டுக்கூலி மிச்சம்

நம் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரம் யாராவது வாங்கிக் கொடுத்தால் கொடுத்தவர் பேரை வெட்டித்தான் கொடுப்பார்கள். அது விற்கிறபோது பெரிய இம்சை. அடுத்தவன் பேர் வெட்டிய குடத்தில் தண்ணீர் பிடிக்க எந்தப் பொம்பளையும் சம்மதிக்க மாட்டாள். அதனால் பேர் இருந்தால் பாதி விலை என்று நானே ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.

புதுச்சத்திரத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டை பார்க்கிறார் என்று நினைத்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து இரண்டு குடம், ஒரு தூக்குப்போசி, நான்கு தட்டம் என்று ஒரே குவியலாகக் கொண்டுவந்து வைத்தார். எல்லாவற்றிலும் பழனிசாமி என்று வெட்டியிருந்தது. ஒவ்வொன்றும் வேறு வேறு பழனிசாமி. "சொந்தக்காரங்களுங்களா?" என்று கேட்டேன். "இல்லீங்க சாமி, எங்க ஊட்டுக்காரர் பேரும் அதேதானுங்க. பாதி விலையும் ஆச்சு, வெட்டுக்கூலியும் மிச்சம்!"

மேடேறிய விலை

ஒருநாள் என் பழைய லாரி முதலாளி கடைக்குள் வந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அவரிடம் ஓட்டிய காலத்தில் கொல்லிமலை இறக்கத்தில் பிரேக் போய், வண்டியை ஒரு புளியமரத்தில் சாய்த்து நிறுத்தினேன். அன்றைக்குப் போனதுதான் இந்த முட்டி. சேதி கேட்டு ஓடி வந்த முதலாளி, "பம்பர் போச்சேடா" என்றார். காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சூட்கேஸ் ஒன்றை எடுத்து நூற்றைம்பதை நூறாக்கச் சொன்னார். நான் இருநூறு என்றேன். சரி, நூற்றைம்பதே தருகிறேன் என்றார். இருநூற்றைம்பது என்றேன். வாங்காமல் போய்விடுவார் என்று பார்த்தால், முந்நூறு ஆவதற்குள் அவசரமாகப் பணத்தை எடுத்து வைத்தார். வாசல்படியில் நின்று திரும்பிச் சொன்னார்: "பேரம் பேசினா விலை எறங்கித்தான் பார்த்திருக்கேன். உங்க கடையில மட்டும் மேடு ஏறுதப்பா!"

என் பேர் போட்ட அண்டா

எங்கள் பொறுப்பாளர் தனலட்சுமி ஒரு காலையில் மூட்டையைப் பிரித்தார். உள்ளே ஒரு பெரிய எவர்சில்வர் அண்டா. 'அன்பளிப்பு அ. செல்லமுத்து' என்று புள்ளிப் புள்ளியாக வெட்டியிருந்தது. செல்லமுத்து நான்தான். குமரேசன் வீடு கட்டிப் புண்ணியார்ச்சனை பண்ணியபோது நான் சேலம் போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கியது.

அதற்கப்புறம் அவன் மகள் கல்யாணம் வந்தது. எங்கள் பக்கம் மூத்தவனைப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமாக, தட்டத்தில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து நேரில் வந்து அழைக்க வேண்டும். அவன் பத்திரிகையைப் பால்காரரிடம் கொடுத்தனுப்பினான். நான் போகவில்லை. பேச்சும் அன்றோடு நின்றது. இப்போது அண்டாவையும் தூக்கிப் போட்டுவிட்டானா?

அறுநூறு ரூபாய் போட வேண்டிய அண்டா. ஐயாயிரம் என்று எழுதி வாசலில் வைத்தேன். ஊரே பார்க்கட்டும் என்றுதான். தனலட்சுமி, "ஏனுங்ணா, ஐயாயிரத்துக்குப் புதுசே ரெண்டு வாங்கலாமுங்களே. வேனுக்கு டீசல் போடோணுமுங்க, வித்தாத்தானே ஆகும்?" என்றார். கேட்கவில்லை நான். ஊரும் பார்க்கத்தான் செய்தது. வந்தவர்கள் எல்லாம், "நீங்களே குடுத்து நீங்களே விலை போட்டீங்களா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அண்டாவில் இருப்பது என் பேர், அவன் பேர் இல்லை என்பது எனக்கு மூன்றாம் நாள்தான் உறைத்தது.

ஐந்தாம் நாள் குமரேசனே வந்தான். என் மேஜைக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, தனலட்சுமியைப் பார்த்துப் பேசினான். "அம்மிணி, மருமக புதுசுங்க. பேரைப் பார்க்காம மூட்டையில போட்டுட்டா. எங்க அண்டாவைத் திருப்பித் தரச் சொல்லுங்க."

நானும் அந்த அம்மிணியைப் பார்த்தே சொன்னேன். "கடைக்கு வந்தா கடைச் சொத்து. வேணும்னா விலை குடுத்து எடுத்துக்கச் சொல்லுங்க."

"விலை கொஞ்சம் ஜாஸ்தியாத் தெரியலயான்னு கேளுங்க."

"பால்காரர் கையில பத்திரிகை குடுத்தப்ப கொறச்சலாத் தெரியலயான்னு கேளுங்க."

தனலட்சுமி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தைத் திருப்பித் திருப்பி ஓய்ந்துபோய், "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானுங்களே கேக்குது?" என்றார்.

குமரேசன் தலையைக் குனிந்துகொண்டான். "தப்புத்தான்னு சொல்லுங்க அம்மிணி. அந்த அண்டா இல்லாம எங்க ஊட்டுல ஒரு விசேசமும் நடந்ததில்லைன்னும் சொல்லுங்க" என்றான். குரல் எங்கள் அப்பா குரல் மாதிரியே இருந்தது. நான் பேனாவை எடுத்தேன். ஐயாயிரத்தை அடித்து அறுநூறு என்று எழுதப் போனேன். சட்டென்று வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினான்: "கொறைக்காதீங்ணா. கோவத்துக்கும் சேர்த்தே வாங்கிக்குங்க, மிச்சம் வெக்க வேண்டாம்."

அந்த மாதம் பிள்ளைகள் வேனுக்கு டீசல் போட்டது என் கோபம்தான் என்று தனலட்சுமி ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறாராம், அதில் எனக்கு அவர் மேல் புதிதாக ஒரு வருத்தம் இருக்கிறது.