மேசையில் இரண்டு தட்டல்

ஆதம்பாவா காக்காவை நான் முதன்முதலில் கண்டது 1996 இல், மருதமுனையில் அவருடைய ரேடியோ திருத்தும் கடையில். அங்கே அண்ணன்மாரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நற்பிட்டிமுனையில் எங்கள் குடும்பத்திலிருந்து கம்பஸ் போன முதல் ஆள் நான். படிப்பிக்கப் போன பாடசாலையில் ஓர் இசை நாடகம் போடுவதாக அதிபரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். பாதியில் நின்ற நாடகம் ஒன்று இவரிடம் இருப்பதாகச் சொன்னார்கள்.

“கம்பஸ் படிச்ச ஆளுக்கு எங்கட பாட்டு எதுக்கு மனே?” என்றார், திறந்து கிடந்த ரேடியோவின் தூசியை ஊதிக்கொண்டே.

“கம்பஸில பாட்டுத் தரல்ல காக்கா.”

சிரித்துவிட்டார். ஆர்மோனியம் வெளியே வந்தது.

கலியாணத்துக்கு முதல் நாள் தோணியோடு காணாமற்போன மாப்பிள்ளைக்காக ஒரு பெண் காத்திருக்கிற கதை. மெட்டு காக்காவுடையது, சொல் பாண்டிருப்பு நல்லரெத்தினத்துடையது. ஒன்பது பாட்டு முடிந்திருந்தது. மாப்பிள்ளை வருகிறானா இல்லையா என்று சொல்ல வேண்டிய பத்தாவது பாட்டில் கடைசி அடி இல்லை. “அவன் எழுதல்ல” என்றார் காக்கா.

ஒத்திகையில் ஒவ்வோர் அடி முடிந்ததும் சற்று நிறுத்தித்தான் அடுத்ததற்குப் போவார். மறதி என்று நினைத்தேன். டோலக் வாசித்த தறிகாரன் முபாறக்கிடம், “இடையில சும்மா கிடக்கு மச்சான், ரெண்டு தட்டுத் தட்டிவிடு” என்றேன்.

அடுத்த அடி முடிந்தது. டக், டக்.

காக்காவின் விரல்கள் கட்டைகளின் மேல் அப்படியே நின்றன. வாசலைத் திரும்பிப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். வெயில் மட்டும் கிடந்தது.

“யாரு தட்டின?”

“நான்தான் காக்கா. சேர் தட்டச் சொன்னாரு.”

அன்றுதான் சொன்னார். காக்கா மெட்டைப் பிடிக்க, நல்லரெத்தினம் அதில் சொல்லை வைத்துப் பார்ப்பார். பொருந்தினால் மேசையில் இரண்டு தரம் தட்டுவார். தட்டாவிட்டால் மெட்டு மாற வேண்டும். “ஒரு அடிக்கு நாலு நாள் தட்டாம இருந்திரிக்கான், கல்லு நெஞ்சன்.” தொண்ணூறாம் ஆண்டு ஒரு பின்னேரம், “கடைசி அடி நாளைக்கு காக்கா” என்று சைக்கிளில் ஏறிப் போனவர். மறுநாள் சண்டை மூண்டு, முஸ்லிம் ஊருக்கும் தமிழ் ஊருக்கும் நடுவே போக்குவரத்து இல்லை. அவரை யார் கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

நான் பட்டதாரி அல்லவா, கடைசி அடியை நானே எழுதினேன். மாப்பிள்ளையைக் கடல் கொண்டுபோயிற்று என்று முடித்திருந்தேன்.

காக்கா தாளை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். “நல்லாத்தான் இரிக்கி மனே. இத நான் மெட்டில போட்டா, அவன மௌத்தாக்கின ஆள் நானாப் போயிருவன். அவன்ட பொஞ்சாதிட்டக் கேப்பம்.”

பாண்டிருப்பு ஒரு மைல்கூட இல்லை. ஆறு வருடத்தில் அன்றுதான் போனார். கனகேஸ்வரி அக்கா முற்றத்தில் காயப்போட்ட நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். நெற்றியில் குங்குமப் பொட்டு இருந்தது.

“இப்பதான் வழி தெரிஞ்சுதா காக்கா?”

“என்னெண்டு முகத்தில முழிக்கிற எண்டு இருந்திட்டன் தங்கச்சி.”

நான் என்னுடைய அடியை வாசித்தேன். அக்கா கிளறுவதை நிறுத்தவில்லை.

“மரண சேட்டிபிக்கட்டுக்குக் கையெழுத்து வையெண்டு கந்தோரில கேட்டாங்க. நான் வைக்கல்ல. நீங்க பாட்டில வச்சிராதீங்க தம்பி.” பிறகு காக்காவைப் பார்த்தார். “அவர் வந்து தட்டட்டும்.”

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

நாடகத்தன்று மணப்பெண்ணாக நின்ற மாணவி ஜெனூபா பத்தாவது பாட்டைப் பாடி வந்து, அடி இல்லாத இடத்தில் நின்றாள். ஆர்மோனியமும் நின்றது.

“டேய், மைக் போயிட்டுடா!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். மண்டபம் சிரித்தது. காக்கா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் கனகேஸ்வரி அக்காவும் திரும்பினார். அதைக் கண்டு மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்ப, சிரிப்பு அடங்கிப்போனது. முபாறக் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான்தான் திரையை இழுத்தேன்.

இது 1999. ஆதம்பாவா காக்கா அதே கடையில் ரேடியோ திருத்துகிறார். கனகேஸ்வரி அக்கா பாண்டிருப்பில்தான் இருக்கிறார். இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. பத்தாவது பாட்டுக்குக் கடைசி அடி இல்லை.