யார் நீ, எந்த ஊர்?

ஸ்பானிஷ் வகுப்பில் முதல் நாள் நான் கேட்கும் கேள்விகள் இரண்டுதான். யார் நீ, எந்த ஊர்? அதற்கே பாதி வகுப்பு திருதிருவென்று விழிக்கும். எனக்குப் பொறுமை கிடையாது, பதில் வரும்வரை விடமாட்டேன். அதே கேள்விகளை ஒரு மத்தியானம் என் தம்பி என்னிடம் கேட்டான்.

மே மாத விடுமுறைக்கு மலைமேல் புதூர்நாட்டுப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். புளியமரத்தடியில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று, ஒரு மாணவி ஸ்பானிஷ் நாவல்களைப் பற்றி எழுதிய ஆய்வுக்காகப் போனிலேயே அவளை நன்றாகத் திட்டிவிட்டுத் திரும்பினேன். வாசலில் தம்பி பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தான். ஒரு சுளை கொடுடா என்றேன். அப்படிச் சொன்னதாகத்தான் நினைத்தேன்.

"இன்னாக்கா, இன்னா பேசற?"

அப்போதுதான் என் குரல் என் காதில் விழுந்தது. ஸ்பானிஷ். மறுபடி வாயைத் திறந்தேன், மறுபடியும் ஸ்பானிஷ். அவன் பேசுவது முழுக்கப் புரிகிறது, எனக்குத்தான் ஒரு தமிழ்ச் சொல்கூட வரவில்லை. தம்பி என்று கூப்பிட முயன்றால் 'எர்மானோ' என்று வந்தது. எழுதிக் காட்டலாமென்றால் வலது கை விரல்கள் மரத்துப்போயிருந்தன. எங்கள் துறையில் ஒருவர் பக்கவாதம் வந்து இப்படித்தான் பேச்சிழந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போனதால் மீளவே இல்லை. நான் உடனே மலையிறங்க வேண்டும். "அபாஹோ, அபாஹோ" என்று தரையைக் காட்டிக் கெஞ்சினேன். கீழே, கீழே என்று அர்த்தம். தம்பி நான் காட்டிய மண்ணைப் பார்த்துப் பின்வாங்கினான்.

"உச்சி நேரத்துல புளியமரத்தாண்ட நின்னுச்சு. புடிச்சுக்கிச்சு," என்றான் மனைவியிடம்.

நான் ஏதோ வெளிநாட்டு இங்கிலீஷ் சொல்லித்தருகிறேன் என்பதுதான் அவன் கணக்கு. ஒவ்வொரு லீவிலும் நான் புளியமரத்தடியில் ஸ்பீக்கர் போட்டுப் புது வகுப்புக்குப் போனில் பாடம் நடத்தும் நேரத்தில் அவன் காட்டில் சாமை விதைத்துக்கொண்டிருப்பான். இப்போது திருநீற்றை அள்ளி என் நெற்றியில் அப்பினான். வேப்பிலையைக் கொத்தாக ஒடித்து வந்து தலையில் அடித்தான்.

"யாரு நீ? எந்தூரு? எதுக்கு எங்கக்காவப் புடிச்ச?"

எர்மானோ, எர்மானோ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் சொன்னேன். என் பெயர், என் ஊர், நான் உன் அக்காடா, எல்லாவற்றையும் ஒரு பிழையில்லாமல். சொல்லச் சொல்ல அடி பலமானது. அவன் அழுதுகொண்டே அடித்தான். பூசாரியைக் கூட்டிவர ஆள் போயிருந்தது. பூசாரி வந்து உடுக்கையை எடுப்பதற்குள் நான் முடிந்துவிடுவேன். பிறந்த வீட்டு வாசலில், கூடப் பிறந்தவன் கையால் அடிவாங்கியபடி செத்துப்போவேன்.

தம்பி மனைவிதான் அவன் கையைப் பிடித்தாள்.

"நிறுத்துய்யா. இது பேயில்ல. அண்ணி போன்ல பாடம் எடுக்கறப்ப பசங்க இதையேதான் சொல்லும். யாருன்னு கேட்டா பேரு, அப்புறம் ஊரு. நான் வருசா வருசம் கேக்கறேன்." பிறகு என் முகத்தருகே குனிந்தாள். "அண்ணி, கீழ போவணுமா?"

தலையாட்டினேன்.

திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஜீப் இறங்கிய ஒவ்வொரு வளைவிலும் பேச்சு போனது போனதுதானோ என்று பயந்தேன். தம்பி என் மரத்த கையை விடவேயில்லை. முழுசாக நம்பாமல் மடியில் வேப்பிலையையும் வைத்திருந்தான்.

தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மறுபடியும் இப்படி நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். காலையில் கண் விழித்ததும் 'தம்பி' என்று உரக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

இப்போது சாயங்காலமானால் அவன் போன் செய்கிறான். கீழே போகணும்னா இன்னா, கை மரத்துச்சுன்னா இன்னா என்று கேட்டுக் கேட்டு ஸ்பானிஷில் மனப்பாடம் செய்கிறான். உச்சரிப்பு மகா மோசம். போன வாரம், "தம்பிக்கு இன்னாக்கா?" என்றான்.

"எர்மானோ."

சொல்லிப் பார்த்தான். மறுபடியும் சொல்லிப் பார்த்தான்.

"அன்னிக்கு நீ இதத்தான சொல்லிக்கினே இருந்த," என்றான். "நான் அடிச்சுக்கினே இருந்தேன்."