ஸ்டிக்கருக்கு அடியில் நாற்பத்தொன்பது

வாளி, விளக்குமாறு, துணிக் கிளிப், பல்பு என்று வீட்டுச் சாமான் விற்கும் அந்தக் கடையில் பதினெட்டு வருஷமாகக் கல்லாவில் உட்காருகிறவள் முதலாளியின் மனைவி. தெருவில் அவளுக்குக் கல்லாக்காரம்மா என்றே பேர். இரண்டு பெண்களை அந்த நாற்காலியில் இருந்தபடியே வளர்த்துப் படிக்க வைத்தாள். மூத்தவளைக் கட்டியும் கொடுத்துவிட்டாள். அவள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினால் மனக்கணக்கு ஓடுகிறது என்று அர்த்தம். இறக்கினால் விடை வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தம்பி சாப்பிட வந்தான். ஏதோ பெரிய கம்பெனியில் சரக்குக்கு விலை வைக்கிற உத்தியோகம் அவனுக்கு. கை கழுவுவதற்கு முன்பே பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, நாப்பத்திமூணுன்னு ஒரு விலையா? வாங்குறவன் கண்ணுக்கு முதல் நம்பர்தான் தெரியும். அவனுக்கு நாப்பத்திமூணும் நாப்பத்தொன்பதும் ஒண்ணுதான். எல்லாத்தையும் ஒன்பதுல முடிச்சிடுங்க."

"அப்ப அம்பத்தொண்ணு?" என்றாள் அக்கா.

"அதை நாப்பத்தொன்பதா இறக்கணும்க்கா. ரெண்டு போனாலும் சரக்கு நகருமில்ல?"

சொன்னதில் முதல் பாதி முதலாளியின் காதில் தேனாகப் பாய்ந்தது. மறுபாதி காதுப்பக்கமே வரவில்லை. மறுநாள் காலை ஸ்டிக்கர் சுருளோடு ஏணி ஏறியவர் நாற்பத்து மூன்றையெல்லாம் நாற்பத்தொன்பது ஆக்கினார். ஐம்பத்தொன்றையெல்லாம் ஐம்பத்தொன்பது ஆக்கினார்.

"ஏங்க, இதை இறக்கத்தானே சொன்னான்?"

"ஏறுனவன் ஏறிக்கிட்டேதான் இருக்கணும்" என்று ஏணி மேலிருந்து பதில் வந்தது.

கல்லாக்காரம்மா வாதாடவில்லை. வாயால் ஆகாததைக் கையால் செய்துகொள்ளலாம் என்பது இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் கண்ட உண்மை. அவர் மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனதும், ஐம்பத்தொன்பது போட்ட வாளிகள் மேல் எல்லாம் நாற்பத்தொன்பதை ஒட்டினாள். திரும்பி வந்தவர் பார்த்தார். காலையில் தப்பாக ஒட்டிவிட்டோம் போலிருக்கிறது என்று தலையைச் சொறிந்துகொண்டு, மேலேயே ஐம்பத்தொன்பதை ஒட்டினார். அடுத்த நாள் மதியமும் அதே கூத்து. வாரக் கடைசியில் மனுஷர் யாருக்கும் தெரியாமல் கண் டாக்டரிடம் போய்வந்தார்.

குட்டு உடைந்தது பக்கத்துத் தெருத் தையல்காரியால். துணி ஊறவைக்க வாளி வாங்க வந்தவள், ஒன்றைக் கல்லாவுக்கு எடுத்து வந்து, தடித்துக் கிடந்த ஸ்டிக்கரை நகத்தால் நெம்பினாள். ஐம்பத்தொன்பதுக்கு அடியில் நாற்பத்தொன்பது. அதற்கு அடியில் ஐம்பத்தொன்பது. அதையும் உரித்தால் மறுபடி நாற்பத்தொன்பது.

"ஏங்க்கா, இது வாளியா வெங்காயமா? உரிக்க உரிக்க வருதே!"

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். முதலாளி மனைவியைப் பார்த்தார். அவள் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தாள்.

"அப்ப என் கண்ணுக்கு ஒரு கேடும் இல்லையா?" என்றார் அவர். கோபத்தைவிட நிம்மதிதான் அதில் அதிகம் இருந்தது.

தையல்காரி நாற்பத்தொன்பதைக் கொடுத்துவிட்டு வாளியோடு போனாள். வாளி மட்டுமா போனது, கதையும் போனது. அந்தக் கடையில் கீறினால் குறைந்த விலை கிடைக்கும் என்று ஊரே பேசிற்று. மறுநாள் கடை திறக்கும் முன்பே ஆட்கள் நின்றார்கள். ஆளாளுக்கு ஒரு சாமானைக் கையில் வைத்துக்கொண்டு நகத்தால் சுரண்டினார்கள். ஒன்றரை வருஷம் மூலையில் தூசி தின்ற வாளிகள் ரெண்டே நாளில் தீர்ந்தன.

முதலாளி தலையில் கை வைத்தார். "மானம் போச்சு. எல்லாத்தையும் பிச்சிட்டு ஒரே ஸ்டிக்கரா ஒட்டிடலாம்."

கல்லாக்காரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். இறக்கினாள்.

அன்று மதியம் ஒரு சட்டியில் வெந்நீர் வைத்து, நாற்பத்து மூன்று விலை சாமான்களின் பழைய ஸ்டிக்கர்களை ஒன்றுவிடாமல் ஊறவைத்து எடுத்தாள். வெற்றிடத்தில் முதலில் நாற்பத்தொன்பதை ஒட்டினாள். அதன் மேல் ஐம்பத்தொன்பதை ஒட்டினாள்.

"அடிப்பாவி! நாப்பத்திமூணு எங்க?"

"தண்ணியோட போயிடுச்சு."

"நாப்பத்தொன்பதுன்னு நேரா எழுதி வச்சா என்ன?"

"எழுதி வச்சா பேரம் பேசுவாங்க. தானே கண்டுபிடிச்சா யாராவது பேரம் பேசுவாங்களா?"

ஒருவரும் பேரம் பேசவில்லை. ஜெயித்த முகத்தோடு எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கீறத் தெரியாமல் ஐம்பத்தொன்பதை நீட்டுகிற அப்பாவிகளும் உண்டு. அவர்களிடம் அதை வாங்க அவளுக்கு மனசு வராது. "இருங்க, உங்க அதிர்ஷ்டம் எப்படின்னு பாப்போம்" என்று அவளே கீறிக் காட்டி, நாற்பத்தொன்பதை மட்டும் எடுத்துக்கொள்வாள். அவர்கள் வாயாரப் புகழ்வார்கள். அந்தப் புகழ்ச்சியைக் கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொள்வாள்.

மூன்று மாதத்தில் லாபம் கண்ணுக்குத் தெரிகிற அளவு ஏறியது. முதலாளி ஏணிக்குப் புது வர்ணம் அடித்தார். ஸ்டிக்கர் ஒட்டும் வேலையை மட்டும் மனைவியிடமே விட்டுவிட்டார்.

ஒரு நாள் எதிர்க்கடை மருந்துக்காரர் முகம் சிவக்க வந்து நின்றார்.

"என்னம்மா அநியாயம் இது? வர்றவன் எல்லாம் இருமல் மருந்துப் பாட்டிலைச் சுரண்டுறான். பேரு, தேதி ஒண்ணும் மிச்சமில்ல!"

"அப்படியாண்ணே?" கல்லாக்காரம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "இந்த சனங்களுக்கு என்னதான் ஆச்சோ, தெரியலையே!"