செல்வி அக்காவின் போனில் இல்லாத பாட்டுகள்

ஒரு வருடம் நான் கேட்ட பாட்டுகளை எல்லாம் புள்ளிகளாக வரைந்து பார்த்தேன். பெண் குரலுக்கு ஆரஞ்சு, ஆண் குரலுக்கு நீலம். பெண் பாடகர்களைத்தான் அதிகம் கேட்பேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தவளுக்குப் படம் முழுக்க நீலம்! எல்லாப் பெண்களும் இப்படித்தானா? தெரிந்தே ஆகவேண்டும் என்று இருந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் தோழி ஒருத்தி பெண்களுக்காக இதே புள்ளிப்படப் பட்டறை நடத்துகிறாள் என்றதும், போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

கோவையில் காலை ஆறேகாலுக்கு ரயில், பத்தரைக்கு எறணாகுளம். படகுத்துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு அரசுப் படகு, ஆறு ரூபாய், இருபது நிமிடம். அங்கிருந்து இரண்டரை கிலோமீட்டருக்கு ஆட்டோ அறுபது ரூபாய். "பஜாருக்குள்ள லாரி நிக்குது சேச்சி, நடந்தா வேகம் போய்ச் சேரலாம்" என்று ஓட்டுநர் முன்னாலேயே இறக்கிவிட்டார். மசாலாக் கடைகளின் சுக்கு வாசனையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

பட்டறை ஒரு பழைய கிடங்கில். என் பக்கத்தில் செல்வி அக்கா, மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர். பேசுவது மலையாளம் கலந்த தமிழ், எழுதுவது மலையாளம். அவர் போனில் இருந்த பாட்டுப் பட்டியலைக் கணினியில் போட்டேன். ஒரே நீலம். "பாத்தீங்களாக்கா, நீங்களும் என்னை மாதிரிதான்!" என்று குதித்தேன்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "இது என் பாட்டில்ல மோளே, என் மோன், என் பையன் கேக்குறது. போன் அவன் கையிலல்லே இருக்கு? எனக்குக் கிட்டும்போ சார்ஜ் தீர்ந்திருக்கும்."

"அப்ப நீங்க எங்கதான் பாட்டு கேப்பீங்க?"

"காலையில பஜார் ரோடு பெருக்கும்போ நாங்க நாலு பொம்பளைங்களும் பாடுவோம். ஒருத்தி நிறுத்தினா அடுத்தவ எடுப்பா."

அசடு வழிந்தது எனக்கு. கணினியை மூடிவிட்டு ஸ்கெட்ச் பேனாவை எடுத்தேன். அக்கா பாடப்பாட நான் புள்ளி வைத்தேன். ஆரஞ்சு, ஆரஞ்சு, மறுபடியும் ஆரஞ்சு! இரண்டு சார்ட் தாள் தீர்ந்தது. சுவரில் ஒட்டும்போது அக்கா என்னிடமிருந்து பேனாவை வாங்கி, 'பாடியவர்' என்ற இடத்தில் மலையாளத்தில் நான்கு பெயர்களை எழுதினார். முதல் பெயர் அவருடையது.

நீங்களும் இப்படிப் படம் போடுவதாக இருந்தால், போன் யார் கையில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். மட்டாஞ்சேரிக்குப் போனால் ஓர் இரவு தங்குங்கள், எழுநூறு ரூபாய்க்கு அறை கிடைக்கிறது. மறுநாள் காலை ஆறரைக்கே பஜாருக்கு வந்துவிடுங்கள். கடை ஒன்றும் திறந்திருக்காது. விளக்குமாற்றுச் சத்தம் வரும் பக்கமாக நடங்கள், பாட்டும் கேட்கும்.