நடுவில் நிறுத்திக்கொள்ளலாம்

“...அந்த நடுவுல நிறுத்திக்கலாம்னு எழுதிக்கீதே, அத மட்டும் இன்னொரு தபா படி நைனா” என்று சொல்லிக்கொண்டே மேஸ்திரியம்மா அந்த வெள்ளை ஃபிளாஸ்க்கை என் கடை மேஜைமேல் வைத்தார். ஊசி மருந்தை ஐஸ் போட்டு ஊருக்கு எடுத்துப்போக ஆஸ்பத்திரியில் கொடுத்த ஃபிளாஸ்க் அது. அன்றைக்குக் கழுவித் துடைத்துக் காலியாக இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார் என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். கூடவே ஒரு எஸ்.டி.டி. பூத். வீதிக்கு நாலு பூத் முளைத்த காலம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் கம்பெனி வேலைக்குப் போக, பெற்றவர்கள் எல்லாம் கண்ணாடிக் கதவுக்குள் நின்று கத்திப் பேசினார்கள். நான் புத்தூர்க்காரன். படிப்பு எட்டாவதோடு நின்றது. நகல் எடுக்க வந்த காகிதங்களைப் படித்துப் படித்தே தெலுங்கும் கொஞ்சம் இங்கிலீஷும் தேறினேன். அதனால்தான் ஒருநாள் எதிர் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸம்மா ஓடிவந்து, “ஒரு சாட்சி வேணும், வர்றீங்களா?” என்று கேட்டபோது மெஷினை மூடிவிட்டுக் கிளம்பினேன்.

உள்ளே உட்கார்ந்திருந்தவர்தான் மேஸ்திரியம்மா. விஜயபுரம் பக்கத்து ஊர்க்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். மாம்பழக் காலத்தில் முப்பது பெண்களைத் திரட்டிப் பங்காருபாளையம் மண்டிக்குக் காய் தரம்பிரிக்க அழைத்துப்போகும் மேஸ்திரி. ரத்தத்தில் மெல்ல வளரும் வகைப் புற்று. பழைய மாத்திரைக்கு அது சரியாகக் கட்டுப்படவில்லை. அந்த மாத்திரையோடு ஒரு ஊசியும் சேர்த்துப் போட்டால் நன்றாகக் கேட்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதில் சேர்கிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். படிக்கத் தெரியாதவர் சேர வேண்டுமென்றால், ஆஸ்பத்திரி ஆளும் சொந்தக்காரரும் அல்லாத ஒருவர் கூட இருந்து, எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னார்கள் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். ஃபாரம் தெலுங்கில் இருந்தது. நான் வரிவரியாகத் தமிழில் சொன்னேன்.

ஊசி நோயை நேராகக் கொல்லாது, உடம்பில் ஏற்கெனவே இருக்கிற காவல் அணுக்களை எழுப்பி வேலை வாங்கும் என்று டாக்டரம்மா விளக்கினார். மேஸ்திரியம்மா முகம் மலர்ந்துவிட்டது. “அப்போ இந்த ஊசியும் மேஸ்திரின்னு சொல்லு! நான் எங்க காயப் பிரிக்கறேன்? நின்னுக்கினு கத்தறேன், அவளுங்க பிரிக்கறாங்க.” ஊசி யாருக்கு, மாத்திரை மட்டும் யாருக்கு என்பதைக் கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கும் என்றதும், “சீட்டு குலுக்கறதுக்கும் மெஷினு வந்துச்சா?” என்றார். ஆனால் எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம், விலகினாலும் வைத்தியம் நிற்காது என்ற வரிக்கு வந்தபோது சிரிக்கவில்லை. மூன்று முறை படிக்கச் சொன்னார். “என்னக் கட்டிக் குடுத்தப்போ யாரும் கேக்கல. வேணான்னா எழுந்து போன்னு சொல்ற ஆள இப்பத்தான் பாக்கறேன்” என்றார். நர்ஸம்மா கட்டைவிரலுக்கு மை டப்பாவை நீட்ட, அதைத் தள்ளிவிட்டு, தான் கற்ற ஒரே எழுத்தான தன் பெயரைத் தெலுங்கில், கோலம் போடுகிற நிதானத்தோடு எழுதினார்.

அன்று சாயங்காலமே என் பூத்திலிருந்து பெங்களூரில் வாட்ச்மேன் வேலையில் இருந்த மகனுக்குச் சொன்னார். ரிசீவரிலிருந்து அவன் கத்தியது வீதிக்கே கேட்டது. “எங்கம்மா இன்னா எலியா? நெலத்த வித்தாவது இங்க பெரிய ஆஸ்பத்திரில காட்டறேன்!” அரசு கொடுத்த கொஞ்சம் நிலம், அவர்கள் குடும்பம் முதன்முதலாகத் தன்னது என்று சொல்லிக்கொண்ட மண். “அதுல வேர்க்கடல போட்டுக்கீது, வித்தா பல்ல ஒடைப்பேன்” என்று போனை வைத்தார்.

சீட்டு ஊசிக்கே விழுந்தது. வாரத்துக்கு ஒருமுறை வருவார், பக்கத்துச் சோடாக் கடையில் ஐஸ் வாங்கி ஃபிளாஸ்க்கில் போட்டுக்கொண்டு எதிரே போய் மருந்து வாங்குவார். ஊசி போட்ட ஒவ்வொரு சாயங்காலமும் குளிர்க்காய்ச்சல் தூக்கி அடித்தது. பாதி உடம்பானார். ஆனால் ரத்தத்தில் நோய் அணுக்களின் கணக்கு இறங்கத் தொடங்கியிருந்தது. டாக்டரம்மா கண்ணிலேயே அது தெரிந்தது.

ஃபிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டு வந்த அந்த நாளில், அவருக்கு முன்னாலேயே மகனின் போன் வந்துவிட்டது. “அண்ணா, அம்மா நிறுத்தப்போறேன்னு கெளம்பிக்கீறாங்க. அந்தப் பேப்பரக் குடுத்துப் படிக்கச் சொல்வாங்க. நிறுத்தக்கூடாதுன்னு எழுதிக்கீதுன்னு சொல்லிடுண்ணா. அவங்களுக்கு இன்னா தெரியப் போது?” எலி என்று கத்திய அதே பிள்ளை. கணக்கு இறங்குவது அவனுக்கும் தெரிந்திருந்தது.

மேஸ்திரியம்மா பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். “மண்டி தொறந்துட்டாங்க நைனா. என் ஆளுங்க லாரி ஏறிட்டாங்க. நான் கம்பளியப் போத்திக்கினு கெடக்கறேன். படி.”

ஒரு வரி. மாற்றிச் சொன்னால் அவர் பிழைக்கலாம். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை. மாங்காயின் காம்பை முகர்ந்தே அதன் பக்குவம் சொல்கிறவர், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளபடி சொன்னார்கள் என்று கையெழுத்துப் போட்டவன் நான். இருந்தது இருந்தபடி படித்தேன்.

“எம் புள்ள போன் பண்ணானா?”

“பண்ணாரும்மா.”

“இன்னான்னான்?”

“மாத்திப் படிக்கச் சொன்னாரு.”

வயிறு குலுங்கச் சிரித்தார். “திருட்டுப் பய. நீ இன்னா சொல்ற, நிறுத்தட்டுமா?”

“சாட்சி அதெல்லாம் சொல்லக்கூடாதும்மா.”

“கிழிச்ச! மூஞ்சி பூரா எழுதி வெச்சிக்கினு.”

இன்று அந்தக் கடையில் மொபைல் உறைகள் தொங்குகின்றன. பூத்தின் கண்ணாடிக் கதவு எந்தக் காயலான் கடைக்குப் போனதோ. மேஸ்திரியம்மா அதன்பின் பல மாம்பழக் காலங்களைப் பார்த்தார். ஒவ்வொரு காலத்திலும் எனக்கு ஒரு கூடை வந்தது. காப்பாற்றியது அந்த ஊசியா, பிற்பாடு வந்த புது மாத்திரையா, எனக்குத் தெரியாது. இப்போது அவர் இல்லை. மகன் வேர்க்கடலை போடுகிறான். யாராவது ஆஸ்பத்திரிக் காகிதத்தை என்னிடம் நீட்டினால், இன்றும் அந்த வரி எங்கே என்றுதான் முதலில் தேடுகிறேன்.

அன்று அப்படிச் சொன்னவர், என் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். ஃபிளாஸ்க்கை எடுத்தார். மூடியைத் திருகித் திறந்துகொண்டே படியிறங்கி, பக்கத்துச் சோடாக் கடைக்காரரிடம் ஐஸுக்கு நீட்டினார்.